சாலை வருகிறது, சரி, கொட்டகை எங்கே?

ஆசிரியருக்கு,

மலைக் கிராமங்களுக்குத் தார்ச்சாலை போடப்படுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். மகிழ்ச்சிதான். ஆனால் சாலை வந்ததும் முதலில் மேலேறி வருவது வியாபாரியின் லாரி. சரக்கை வைக்க இடமில்லாத விவசாயி, அவர் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். ஒருமுறை லாரி வராமல் எங்கள் உருளைக்கிழங்கு மூட்டைகள் நான்கு நாள் சாலையோரம் கிடந்தன. சாக்குக் கிழிசல் வழியே வெயில் பட்ட கிழங்கெல்லாம் பச்சை பூத்துவிட்டது. அதில் சோலனைன் என்ற நச்சு கூடியிருக்கும் என்பதால் மாட்டுக்குக்கூடப் போடவில்லை.

இதற்காகக் குளிர்பதனக் கிடங்கு என்று பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். பாதி வேலையை மலைக் குளிரே பார்த்துக்கொள்ளும். வெளிச்சம் புகாத, காற்றோட்டமுள்ள பொதுக் கொட்டகை ஒன்றைச் சாலைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துக் கட்டித் தரலாம்.

- மலைக் கிராம விவசாயி ஒருவர்