பழைய பிரீமியர் ட்ரம் செற்றைத் திருத்தித் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஊரவர்களுக்கும் கடல் கடந்து இருக்கிற எங்கள் உறவுகளுக்கும் வணக்கம்.

குருநகரில் எங்கள் இளைஞர் இசைக்குழுவிடம் இருக்கிற, இங்கிலாந்தின் பிரீமியர் நிறுவனம் செய்த பழைய ட்ரம் செற் வாசிக்கக்கூடிய நிலைக்கு வந்துவிட்டது. மார்கழிக் கரோல் இரவுகளில் அதைக் கேட்டவர்கள் "எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?" என்று விசாரிக்கிறார்கள். வாங்கவில்லை. பலபேர் கை வைத்துத் திருத்தியது. யார் என்ன செய்தார்கள் என்பதை எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு எல்லாம் எங்கள் கெட்டித்தனம் என்று ஆகிவிடும். பெயர் போட வேண்டாம் என்று பாதிப்பேர் சொல்லிவிட்டதால் ஒருவருடைய பெயரும் போடவில்லை. ஆளை ஊருக்குத் தெரியும்.

முதல் நன்றி ட்ரம்மர் ஐயாவுக்கும் அவருடைய வீட்டுக்கார அம்மாவுக்கும். 1960களின் நடுவில் ஐயா கொழும்பில் வாங்கி, ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்த செற் இது. கலியாண வீடு, கார்னிவல், திருவிழா மேடை என்று பொப்பிசை கொடிகட்டிப் பறந்த காலம் முழுக்க ஓய்வில்லாமல் உழைத்திருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 அன்று போரால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, காலால் மிதித்து அடிக்கிற அந்தப் பெரிய பாஸ் ட்ரம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கவா முடியும்? அம்மாதான் எல்லாவற்றையும் பழைய வலையாலும் படங்காலும் சுற்றி, உள்ளறை மூலையில் அடுக்கிவிட்டு வந்திருக்கிறார். அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தால் கூரை பாதி இல்லை. சிம்பல்களும் ஸ்ராண்டுகளும் போய்விட்டன. பாஸ் ட்ரம்மின் பக்கவாட்டில் ஷெல் துண்டு ஒன்று பாய்ந்து, விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. மற்றதெல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் விலைக்குக் கேட்டும் அம்மா கொடுக்கவில்லை. "அது என்ன சோறா கேக்குது, மூலையில கிடக்கட்டும்" என்பதுதான் அவருடைய பதில். அந்தப் பதில் இல்லாவிட்டால் இந்த மடலும் இல்லை.

இனி ஒட்டுவேலை செய்த தச்சு மாமா. செற்றை முதலில் கொண்டுபோய்க் காட்டிய ஓர் இடத்தில், மேலே ஒட்டியிருக்கிற முத்துத் தாளை உரித்து எறிந்துவிட்டுக் கறுப்பு ஸ்பிரே அடித்தால் புதுசு மாதிரி வரும் என்றார்கள். பெடியன்களுக்கும் அதில் ஆசை. மாமாதான் மறித்தார். வெள்ளையாக இருந்த முத்துத் தாள் மஞ்சள் பாய்ந்து வெண்ணெய் நிறத்துக்கு வந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த நிறத்தை இனி எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அந்தக் காலத்துத் தாள் செல்லுலோயிட் வகை. தினர் பட்டால் கரைந்து கூழாகும், நெருப்புப் பக்கம் கொண்டுபோகவும் கூடாது. மாமா சொன்னபடி இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் மட்டும் போட்டுத் துடைத்து, கீறல் விழுந்த இடங்களில் பற்பசை தொட்டுப் பஞ்சால் மினுக்கினோம். அவ்வளவுதான். ஷெல் ஓட்டைக்கு உள்பக்கத்தில் மெல்லிய பலகை வைத்து ஒட்டியிருக்கிறார். வெளிப்பக்கத்தை மூடவா என்று ஐயாவிடம் கேட்டோம். "சத்தம் வெளியால போகாட்டிச் சரி, பார்வைக்கு இருக்கட்டும்" என்றார். இருக்கிறது.

துருப்பிடித்த வளையங்களையும் போல்ற்றுகளையும் பார்த்துக்கொண்டது லேத் பட்டறை அண்ணை. கடற்காற்று அடிக்கிற ஊரில் இரும்பு என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிரீமியரின் குரோம் பூச்சு தடிப்புக்குப் பேர்போனது. அதனால் புள்ளி புள்ளியாகத் துரு பிடித்திருந்தாலும் பூச்சு உரியவில்லை. அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் துரு கழன்று வரும் என்று காட்டித் தந்தவர் அவர்தான். அலுமினியம் குரோமைவிட மெதுவானது, ஆகவே கீறாது. இறுகிப்போன போல்ற்றுகளை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு எடுத்தோம். காணாமல்போனவற்றுக்குக் கடையில் மாற்று இல்லை, இப்போது கிடைக்கிற மில்லிமீற்றர் போல்ற்றின் மரை பழைய ஆங்கிலேய மரையோடு ஒத்துவராது. அண்ணை ஒவ்வொன்றாகக் கடைந்து தந்தார். கூலி கேட்டால் "பாட்டுக் கச்சேரிக்கு முன் கதிரை ஒண்டு வையுங்கோ" என்கிறார். வைப்போம்.

இணுவிலில் தவில் கட்டுகிற அண்ணையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்த பக்கத்தைச் சேர்ந்தவரிடம் இங்கிலாந்து ட்ரம்மைக் கொண்டுபோகிறீர்களே என்று சிலர் சிரித்தார்கள். அவர் தோல் ஒன்றும் போடாத வெறும் கூட்டை மடியில் வைத்து, விரல் மொழியால் சுற்றிவரத் தட்டினார். டொக், டொக், டொக். ஓர் இடத்தில் மட்டும் சத்தம் அடைத்தது. அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே "இதில ஒட்டு விட்டிருக்கு" என்றார். இந்த ட்ரம்களின் கூடு மெல்லிய ஒட்டுப்பலகை. அது கோணாமல் இருக்க இரண்டு வாயிலும் உள்பக்கமாகத் தடித்த மரவளையம் ஒட்டியிருப்பார்கள். அதில் ஒன்று நாலு விரல் நீளத்துக்குக் கூட்டை விட்டு விலகியிருந்தது. கண்ணால் பார்த்த எங்கள் ஒருவருக்கும் அது தெரியவில்லை. தச்சு மாமா பசை விட்டுக் கவ்வி போட்டு இறுக்கினார். அதற்குப் பிறகு வாய் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தோம். கண்ணாடி மேசையில் கூட்டைக் கவிழ்த்து, உள்ளே ரோர்ச் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டால் வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் பள்ளம். செற்றில் இருக்கிற டொம் என்கிற நடுத்தர ட்ரம்களில், பெரியதில் ஓர் இடம்தான் கசிந்தது. கண்ணாடியில் மண்தாளை ஒட்டி, அதன்மேல் கூட்டை மெதுவாகச் சுழற்றி மட்டம் எடுத்தார்கள். விளிம்பின் உருண்டையான வளைவைக் கூராக்க வேண்டாம் என்று தவில் அண்ணை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்றைய ட்ரம்களுக்கு விளிம்பு பெரும்பாலும் 45 பாகையில் கூர். பழையவற்றுக்கு உருண்டை. தோல் அதிகமாக மரத்தைத் தொடும், சத்தம் சூடாகவும் குட்டையாகவும் வரும். இந்தச் செற்றின் குரலே அதுதான்.

தோல் விசயத்தில்தான் பெரிய இழுபறி. ஐயா முதன்முதலில் வாசித்தது மாட்டுக்கன்றுத் தோல் போட்ட ட்ரம். மாரி தொடங்கினால் தோல் தொய்ந்துவிடும், மேடைக்கு ஏறுமுன் பெற்றோல்மாக்ஸ் பக்கத்தில் பிடித்துச் சூடுகாட்டுவார்களாம். பொலியெஸ்டர்த் தோல் 1950களின் பிற்பகுதியில் வந்தது, அப்படித் தோல் செய்கிற றெமோ நிறுவனம் 1957இல் தொடங்கியது. இந்தச் செற் பிளாஸ்ரிக் தோலோடுதான் வந்தது. ‘எவர்ப்ளே’ என்று அச்சடித்த பழைய தோல்கள் இன்னும் இருக்கின்றன, ஆனால் வெடிப்பு. சரி, புதிதாக எதைப் போடுவது?

பெடியன்கள் கேட்டது இரண்டு படைத் தோல், அதுவும் நடுவில் எண்ணெய்ப் படலம் வைத்த எவன்ஸ் ஹைட்ரோலிக். ஒலிபெருக்கியில் "தும்" என்று வடிவாக விழும் என்பது அவர்களுடைய வாதம். புதுச் செற்றுக்கு அது சரி. இங்கே விளிம்பே அரைவாசி ஓசையை உறிஞ்சுகிறது. அதற்கு மேல் தடித்த தோலும் போட்டால் பலாப்பழத்தைத் தட்டுகிற சத்தம்தான் மிஞ்சும். ஐயா ஒரே படை, 10 மில், வெள்ளைப் பூச்சுப் பூசியது என்று ஒற்றைக்காலில் நின்றார். 10 மில் என்றால் கால் மில்லிமீற்றர். பூச்சு இருந்தால் மேற்சத்தம் கொஞ்சம் அடங்கும், பிரஷ் வைத்தும் வாசிக்கலாம். ஐயா சொன்னதே நடந்தது. அடியில் கம்பிச் சரம் கட்டிய ஸ்னெயார் ட்ரம்முக்கு மேலே அந்த வகை, கீழே 3 மில் மெல்லிய தோல். பாஸ் ட்ரம்மில் அடிபடுகிற பக்கத்துக்கு மட்டும் விளிம்பில் உள்வளையம் வைத்த பவர்ஸ்ட்ரோக் 3. சத்தத்தை அடக்க உள்ளே தலையணை திணிக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. முன்பக்கத்துக்கு ஓட்டை வெட்டாத தோல்.

ஸ்னெயாரும் பாஸும் இப்படி முடிந்தன. டொம்கள் முடியவில்லை. கொழும்பில் இருந்து எடுப்பித்த 12 அங்குலத் தோல் கூட்டின் வாயில் உட்கார மறுத்தது. அப்போதுதான் லண்டனில் இருக்கிற எங்கள் தங்கச்சி வந்து சேர்ந்தார். அவர் ட்ரம் வாசிப்பவர் இல்லை. ஆனால் தேடிப்பிடிப்பதில் கெட்டிக்காரி. 1960களின் பிற்பகுதி வரை பிரீமியர் தன்னுடைய டொம்களை இன்றைய சர்வதேச அளவைவிட ஒரு மயிரிழை பெரிதாகச் செய்தது என்பதை அங்கே பழைய ட்ரம் திருத்துகிறவர்களிடம் விசாரித்து அறிந்தார். அந்த அளவுக்கென்றே றெமோ இன்றைக்கும் தோல் செய்கிறது. வாயைச் சீவி அளவைக் குறைக்கலாம் என்று இங்கே ஒரு யோசனையும் ஓடிக்கொண்டிருந்தது, நல்லவேளை மரத்தில் உளி படவில்லை. தங்கச்சி வாங்கி, ஊருக்கு வந்த ஒருவருடைய சூட்கேசில் சேலைகளுக்கு நடுவில் வைத்து அனுப்பினார். கொண்டுவந்து தந்த அந்த அக்காவுக்கும் நன்றி, அவருடைய சேலைகளுக்கும் நன்றி.

பீற்றில்ஸ் குழுவின் ரிங்கோவும் 1963 வரை பிரீமியர்தான் வாசித்தார் என்று தங்கச்சி எழுதியிருந்தார். அதைக் கேட்ட பிறகு பெடியன்களின் முறுமுறுப்பு நின்றுவிட்டது! ஐயா சொன்னபோது நிற்கவில்லை என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

தோல் போட்ட நாளில் ஐயா கதிரையில் இருந்தபடியே சொல்லச் சொல்லப் பிள்ளைகள் முறுக்கினார்கள். எல்லாப் போல்ற்றையும் முதலில் விரலால் மட்டும். பிறகு சாவி போட்டு, ஒன்றை முறுக்கினால் அதற்கு நேரெதிரே இருப்பதை, கால் சுற்றுக்கு மேல் போகாமல். ஒவ்வொரு போல்ற்றுக்கும் பக்கத்தில் குச்சியால் தட்டி, எல்லா இடமும் ஒரே சுரம் வரும் மட்டும். தவிலுக்கும் இப்போது இரும்பு வளையமும் நட்டும் வந்துவிட்டதால் இணுவில் அண்ணைக்கு இதெல்லாம் பழக்கம். கீழ்த்தோலை மேல்தோலைவிடச் சற்றுக் கூட்டி வைப்பதா, சமமாக வைப்பதா என்று அவருக்கும் ஐயாவுக்கும் நடந்த வாக்குவாதம் தேத்தண்ணி ஆறும்வரை நீண்டது. சற்றுக் கூட்டித்தான் வைத்திருக்கிறோம்.

பயிற்சிக்கு அறையைத் திறந்துவிட்ட பங்குத்தந்தை, இரவில் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அயல் வீட்டார், சிம்பலுக்குக் காசு சேர்த்த கனடா உறவுகள், ஏற்றி இறக்கிய ஓட்டோத் தம்பி, எல்லோருக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒரு வேலை பாக்கி. பாஸ் ட்ரம்முக்குப் பழைய கால் ஒன்று குறைகிறது. இப்போது முண்டு கொடுத்துத்தான் நிற்கிறது. யாருடைய வீட்டுப் பரணிலாவது அந்தக் காலத்துப் பிரீமியர்ச் சாமான்கள் கிடந்தால், துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, எறிந்துவிடாமல் எங்களுக்குச் சொல்லுங்கள். வந்து எடுத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
இளைஞர் இசைக்குழுவினர்,
குருநகர், யாழ்ப்பாணம்.