குதிரைக்கு அர்த்தம் தேடமுன்

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்ததில் சந்தோசம். இங்கே சோளகக் காற்று எழும்பிவிட்டது, வீடெல்லாம் புழுதி. காற்று வீசியடிக்கிற, ஹங்கேரிய இயக்குநர் பேலா தாரின் 'டுரின் குதிரை' படத்தைப் பார்க்கத் தோதான காலந்தான்.

அந்தக் குதிரை எதன் குறியீடு என்று கேட்டிருக்கிறாய். அதிலே தொடங்கினால் படம் பிடிபடாது. 1889இல் இத்தாலியின் டுரினில் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே, சவுக்கடி பட்ட குதிரையைக் கட்டிப்பிடித்த கதை தொடக்கத்தில் வெறும் குரலாக வருகிறது. அதைக் கேட்ட கையோடு குதிரைதான் கடவுள் என்று முடிவுகட்டுபவர்கள் கனபேர். 146 நிமிடம், ஏறத்தாழ 30 ஷொட் (வெட்டாமல் ஓடும் காட்சித்துண்டு). இப்படியான படத்தில் திரும்பத் திரும்ப வருவதைப் பிடி.

ஒரு தகப்பனும் மகளும் அவர்களின் குதிரையும் கழிக்கும் ஆறு நாள்தான் படம். கொப்பியில் அந்த ஆறு நாளுக்கும் ஆறு பக்கம் விடு. என்ன செய்தார்கள், கமெரா எங்கே நின்றது, நேற்றிருந்த எது இன்றில்லை என்று எழுது. அவித்த உருளைக்கிழங்கைப் பார். முதல்முறை தகப்பனின் பக்கம். வலக்கை வழங்காததால் ஒற்றைக் கையால் சுடச்சுட உரிக்கிறான். அடுத்தமுறை அதே மேசை, மகளின் பக்கம். ஆறாம் நாள் கிழங்கு பச்சையாகக் கிடக்கிறது, நெருப்பில்லை.

'எது இல்லை' என்பதில்தான் மினக்கெட வேண்டும். மரப்புழுவின் சத்தம் நிற்கிறது, குதிரை தின்ன மறுக்கிறது, கிணறு வற்றுகிறது, லாம்பு எரியாது. லாம்பில் எண்ணெய் நிறைய இருந்ததைக் கவனித்தாயா? தீர்ந்திருந்தால் வறுமைக் கதை என்று சொல்லிவிடலாம். இருந்தும் பற்றவில்லை, அந்த விளக்கம் சரிவராது. நாடோடிகளான ஜிப்சிகள் வந்துபோன மறுநாள் கிணறு வற்றியதால் சாபம் என்பார்கள். லாம்புக்கு யார் சாபம் போட்டது? ஒரு இடத்தில் பொருந்தி அடுத்த இடத்தில் உடைகிற குறியீட்டை விட்டுவிடு. பைபிளின் ஆதியாகமத்தில் உலகம் படைக்கப்பட்ட ஆறு நாள் இங்கே பின்னோக்கிப் போகிறது என்ற வாசிப்பு எனக்கு ஏற்புடையது: அங்கே முதல்நாளே வெளிச்சம் உண்டாகிறது, இங்கே கடைசியில் அது போகிறது. (அந்த இருட்டில் திரை பழுதென்று நினைத்துவிடாதே. போனில் பார்த்தால் கட்டாயம் அப்படித்தான் தோன்றும்.)

நான்காம் நாள் சாமான் ஏற்றி, மகள் வண்டில் இழுக்க, குதிரையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறார்கள். கமெரா அவர்களோடு மேடேறாது. அப்பால் என்ன கண்டார்கள் என்று நீயாக நிரப்பாதே, 'காட்டவில்லை' என்றே எழுதி வை. விமர்சகர்கள் அதிகம் வழுக்கி விழுவது அந்த மேட்டில்தான்.

எழுதி முடிந்ததும் நான்காம், ஐந்தாம் நாள் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு, பிறகு நீட்சேயைப் பற்றிச் சண்டை பிடிப்போம். அம்மாவை வெயிலில் திரியவிடாதே.

அன்புடன்,
உன் கூட்டாளி