தொட்டி இருக்கட்டும், அறுத்த விளிம்பைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பின் மகளிர் பக்கத்தில், பாத்திரம் கழுவும் தொட்டி வாங்குவோருக்கு ஒரு குறிப்பு வந்திருந்தது. காந்தம் ஒட்டாவிட்டால் அது தரமான 304 எவர்சில்வராம். செந்தூலில் சமையலறை கேபினட் செய்தே தலை நரைத்தவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

304 ரகத்தில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. விலை மலிவான 201இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டுகிறார்கள். அதிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் உப்பும் பிளீச்சும் பட்டால் 304ஐவிடச் சீக்கிரம் துருப்புள்ளி விழும். இன்னொன்று, நல்ல 304 தொட்டியிலேயே அழுத்தி வளைத்த மூலைகளில் காந்தம் லேசாக இழுக்கும். குறிப்பை நம்பிக் கடைக்குப் போகும் அம்மா நல்லதை விட்டுவிட்டு மட்டமானதைத் தூக்கி வருவார். ரகத்தையும் தகட்டின் கனத்தையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். கனத்தை மில்லிமீட்டரில் கேட்பது நல்லது. கனத்தைக் குறிக்கும் கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

என் பெரிய குறை வேறு. தொட்டியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியவர்கள், அது உட்காரும் துளையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இங்கே அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் டேபிள் டாப் என்பது சிப்போர்டின், அதாவது மரத்துகளைப் பசையிட்டு அழுத்திய பலகையின், மேல் லேமினேட் ஒட்டியதுதான். அதற்கு மேலிருந்து இறக்கும் தொட்டியே பொருத்தம். கருங்கல்லுக்கு மாட்டுவதுபோல் அடியில் தொங்கவிட்டால் பலகை தாங்காது. ஆனால் துளை அறுத்ததும் சிப்போர்டின் உள்பகுதி வெட்டவெளியாகிவிடுகிறது. தொட்டியின் விளிம்பு அதை மூடிக்கொள்வதால் யார் கண்ணிலும் படாது. குழாயடியில் கசியும் நீர் அங்கேதான் போய்ச் சேரும். பழைய தொட்டியைக் கழற்றும்போது அந்த விளிம்பில் விரலை வைத்தால், தேநீரில் நனைத்த ரொட்டியாக உதிர்ந்து வரும். லேமினேட் மேலே உப்பியிருக்கும், கேபினட்டுக்குள் புழுங்கல் நாற்றம் அடிக்கும். வீட்டுக்காரர் தொட்டி ஓட்டை என்று நினைத்துக்கொண்டிருப்பார். தொட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அறுத்த விளிம்பு முழுவதும் வார்னிஷோ சிலிகோனோ தடவிக் காயவிட்ட பிறகுதான் தொட்டியை இறக்க வேண்டும். துளையின் அளவைக் காட்டப் பெட்டியோடு வரும் அச்சுத்தாளை வைத்துத்தான் அறுக்க வேண்டும். தொட்டியின் வெளி அளவுக்கு அறுத்தால் அது நேரே கேபினட்டுக்குள் விழும். குழாயையும் வடிகட்டியையும் மேலேயே மாட்டிக்கொண்டு இறக்கினால் முதுகு பிழைக்கும். விளிம்பின் அடியில் சிலிகோனை இடைவெளியில்லாமல் ஓட்டி, கிளிப்புகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால், சுற்றிலும் சிலிகோன் பிதுங்கி வரும். பிதுங்காத இடத்தில் தண்ணீர் இறங்கும். ஒரு நாளாவது காயவிடாமல் குழாயைத் திறக்கக் கூடாது.

தீபாவளி நெருங்கினால் குத்தகையாளர்கள் ஒரே நாளில் இரண்டு மூன்று வீடு ஏற்றுக்கொண்டு ஓடுவார்கள். விளிம்பு பூசும் வேலையைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள், கேட்க ஆள் இல்லை என்பதால். வேலை நடக்கும்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.

காந்தக் குறிப்புக்கான திருத்தத்தை அதே மகளிர் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சர்,
செந்தூல், கோலாலம்பூர்