வீடியோ திணறினால் புது லேப்டாப் வாங்கத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வந்த லேப்டாப் கட்டுரையைப் படித்தேன். புதிதாக வாங்குபவர்களுக்குப் பயனுள்ள கட்டுரைதான். ஆனால் ஒரு இடம் உறுத்தியது. வீடியோ திக்கித் திணறி ஓடினால் அந்த லேப்டாப்பின் காலம் முடிந்துவிட்டது, ரேம் அதிகம் உள்ள புதியதை வாங்கிவிடுவதே நல்லது என்கிறார் கட்டுரையாளர். நான் கோவில்பட்டியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இதை எக்ஸ்சேஞ்ச்ல போட்டா எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். புதியது எடுத்துக் கொடுத்தால் எனக்கும் நாலு காசு கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் அவர்கள் கொண்டுவந்த லேப்டாப்புகளில் பலவற்றில் குறை என்று இருந்தது ஒரு டிரைவர் (கணினியின் உறுப்பை இயக்கும் சிறு மென்பொருள்), அல்லது யாரோ அணைத்துவிட்டுப் போன ஒரு பட்டன்.

முதலில் ரேம். வீடியோ திணறலுக்கும் ரேமுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. பத்து டேப் திறந்து வைத்திருப்பவருக்கு ரேம் உதவும். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்.எஸ்.டி போட்டால் கணினி சீக்கிரம் எழுந்திருக்கும். இரண்டையும் போட்ட பிறகும் வீடியோ அதே மாதிரி திணறினால், செலவழித்தவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். எங்கள் தொழிலில் எதைக் கேட்டாலும் "ஃபார்மட் பண்ணிடலாம், ரேம் ஏத்திடலாம்" என்று சொல்லிவிடும் பழக்கம் இருக்கிறது. வீடியோ விஷயத்தில் அது பெரும்பாலும் குருட்டு வைத்தியம்.

வீடியோ ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். 1080பி வீடியோவின் ஒரு படத்தில் 1920க்கு 1080, அதாவது இருபது லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 24 பிட், நொடிக்கு 30 படம் என்று கணக்குப் போட்டால் நொடிக்கு ஏறத்தாழ 149 கோடி பிட் வருகிறது. நம் வீட்டு இணைப்பில் வருவதோ நொடிக்குச் சில பத்து லட்சம் பிட்தான். அந்த அளவுக்குச் சுருக்கி அனுப்புகிறார்கள். சுருக்கியதைப் பிரித்துப் பழையபடி படமாக்கும் வேலை முழுவதும் நம் லேப்டாப்பின் தலையில் விழுகிறது.

அந்த வேலையை இரண்டு வழிகளில் செய்யலாம். பிரவுசரோ பிளேயரோ மென்பொருள் மூலம் ப்ராசஸரை வைத்தே பிரிப்பது ஒன்று. கிராஃபிக்ஸ் சிப்புக்குள் இதற்கென்றே அமைத்திருக்கும் தனிப் பகுதியிடம் ஒப்படைப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் ஹார்டுவேர் ஆக்சலரேஷன் என்கிறார்கள். அந்தப் பகுதிக்கு வேறு வேலை தெரியாது, ஆனால் தெரிந்த வேலையைச் சொற்ப மின்சாரத்தில் முடித்துவிடும். அதைச் சும்மா விட்டுவிட்டு ப்ராசஸரை வதைப்பது, கிரைண்டர் இருக்கும் வீட்டில் ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது மாதிரி. ப்ராசஸர் சூடாகும், ஃபேன் இரையும், பேட்டரி கரையும். சூடு எல்லை தாண்டினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்புறம் திணறல் இன்னும் மோசமாகும்.

எல்லாத் திணறலும் இந்த வகை இல்லை. நடுவில் வட்டம் சுற்றி, படமும் பேச்சும் சேர்ந்து நின்றால் அது இணையத்தின் வேகம். அதற்கு லேப்டாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. பேச்சு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, படம் மட்டும் விட்டுவிட்டுத் தாவினால் அது பிரிக்கும் வேலையில் உள்ள கோளாறு. யூடியூப் வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதில் எத்தனை ஃபிரேம் (தனித்தனிப் படம்) காட்டப்படாமல் கைவிடப்பட்டது, வீடியோ எந்த கோடெக்கில், அதாவது எந்தச் சுருக்கும் முறையில், வருகிறது என்ற இரண்டும் தெரியும். கைவிடப்பட்ட ஃபிரேம் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறினால் காரணம் உங்கள் லேப்டாப்புக்குள்தான்.

விண்டோஸ் லேப்டாப் என்றால் நான் முதலில் பார்ப்பது டிவைஸ் மேனேஜர். டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் இன்டெல், ஏஎம்டி என்று இருக்க வேண்டும். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், யாரோ ஃபார்மட் செய்துவிட்டு கிராஃபிக்ஸ் டிரைவர் போடாமலே கொடுத்திருக்கிறார்கள். திரையில் படம் தெரியும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. வீடியோவைப் பிரிக்கும் பகுதி மட்டும் அடைத்துக் கிடக்கும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து சரியான டிரைவரைப் போட்டாலே தீர்ந்துவிடும்.

அடுத்தது பிரவுசர். குரோமின் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதியில் கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷனுக்கு ஒரு பட்டன் உண்டு. கடைக்கு வரும் லேப்டாப்புகளில் அது அணைந்தே இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். என்றைக்கோ திரை மினுக்கியிருக்கும், அல்லது வீடியோ பச்சையாகத் தெரிந்திருக்கும். ஹார்டுவேர் ஆக்சலரேஷனை ஆஃப் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கோ பார்த்து அணைத்திருப்பார்கள். மினுக்கல் நின்றிருக்கும். டிரைவரைப் புதுப்பித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பட்டனைப் போட்ட பிறகு, வேலை நடக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பார்க்கலாம். பெர்ஃபார்மன்ஸ் டேபில் ஜிபியுவை (கிராஃபிக்ஸ் சிப்) தேர்ந்தெடுத்தால் 'வீடியோ டிகோட்' என்று ஒரு கோடு ஓடும். வீடியோ ஓடும்போது அந்தக் கோடு தரையிலேயே கிடந்தால் இன்னும் எங்கோ சிக்கல்.

இப்போது லினக்ஸ், அதாவது விண்டோஸுக்குப் பதில் இலவசமாகப் போடக்கூடிய இயங்குதளம். இதைத்தான் விரிவாக எழுத நினைத்தேன். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. இன்டெல் ப்ராசஸர் சிப்புகள் தலைமுறை தலைமுறையாக வருகின்றன; எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை, ஒன்றிரண்டு தவிர, விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்று கைவிடப்பட்டவை. அந்த லேப்டாப்புகளுக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கும் டிஎன்பிஎஸ்சி படிப்பவர்களுக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் மின்ட் போட்டதோடு வேலை முடிந்தது என்று கொடுத்தால், சில நாளில் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா, கிளாஸ் வீடியோ மட்டும் நின்னு நின்னு போகுது" என்று திரும்பி வருவார்கள். மணிக்கணக்கில் வகுப்பு வீடியோ பார்க்கும் பிள்ளைக்கு அது சின்னக் குறை இல்லை.

லினக்ஸில் இன்டெல் சிப்பின் வீடியோ பகுதியோடு பேசுவதற்கு விஏ-ஏபிஐ என்று ஒரு வழி இருக்கிறது. இன்டெல் ஆரம்பித்து வைத்தது. அதற்கான டிரைவர் இரண்டு. ஐந்தாம் தலைமுறையிலிருந்து மேலே உள்ள சிப்புகளுக்கு இன்டெல் மீடியா டிரைவர், அதற்கும் பழையவற்றுக்கு ஐ965 டிரைவர். எது நம் லேப்டாப்புக்கோ அது இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் போட வேண்டும். பிறகு கட்டளை அடிக்கும் டெர்மினலில் 'விஏஇன்ஃபோ' என்ற கட்டளையைக் கொடுத்தால், சிப் எந்தெந்த வகை வீடியோவைப் பிரிக்கும் என்று பட்டியல் வரும். பட்டியலில் 'விஎல்டி' என்று முடியும் வரிகள்தான் பிரிப்பதைக் குறிப்பவை. பட்டியலே வராமல் பிழைச்செய்தி வந்தால், தவறான டிரைவர் போடப்பட்டிருக்கலாம். அல்லது அந்தப் பயனருக்கு கிராஃபிக்ஸைத் தொட அனுமதி இல்லாமல் இருக்கலாம்.

பிரவுசரில் ஃபயர்ஃபாக்ஸைத்தான் சிபாரிசு செய்வேன். 2023 ஜூலையில் வந்த 115ஆம் பதிப்பிலிருந்து, லினக்ஸில் இன்டெல் கிராஃபிக்ஸ் இருந்தால் அது தானாகவே இந்த வழியைப் பயன்படுத்துகிறது. விலாசப் பட்டையில் 'அபவுட்:சப்போர்ட்' என்று அடித்து மீடியா பகுதிக்குப் போனால், எந்த கோடெக்குக்கு ஹார்டுவேர் உதவி கிடைக்கிறது என்று தெரியும். லினக்ஸில் குரோமை இதற்குப் பணிய வைப்பது ரோதனை. அதில் மல்லுக்கட்டிய நேரத்தை வேறு எதற்காவது செலவழித்திருக்கலாம் என்று தோன்றும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் யூடியூப் மட்டும் திணறுவது உண்டு. இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். காரணம் கோடெக். 2003இல் வந்த எச்.264 வகையை, 2011இன் இரண்டாம் தலைமுறை இன்டெல் கோர் சிப்பே தனிப் பகுதியில் பிரித்துவிடும். யூடியூப் அதை அனுப்பாமல் 2013இல் வந்த விபி9 வகையையோ, 2018இல் வந்த ஏவி1 வகையையோ அனுப்பினால் கதை வேறு. விபி9ஐ முழுமையாகப் பிரிக்கும் பகுதி இன்டெல்லில் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஏவி1க்கு 2020இல் வந்த பதினொன்றாம் தலைமுறை வேண்டும். ஆக 2015, 2016இல் வாங்கிய ஆறாம் தலைமுறை லேப்டாப்பில் டிரைவர் எல்லாம் கச்சிதமாக இருந்தாலும், விபி9 வந்தால் சுமை மறுபடி ப்ராசஸர் மேலேதான்.

இதற்கு வழி மிக எளிது. 'எச்264ஃபை' என்று பிரவுசரோடு சேர்க்கும் ஒரு சிறு நிரல் (எக்ஸ்டென்ஷன்) இருக்கிறது. அதைப் போட்டால், இந்த பிரவுசருக்கு எச்.264 மட்டுமே தெரியும் என்று யூடியூப் நம்பி அதையே அனுப்பும். 1080பிக்கு மேல் எச்.264 வகை கிடைக்காது என்பதுதான் குறை. பழைய லேப்டாப்புகளில் பலவற்றின் திரையே 1366க்கு 768. அதில் 4கே பார்த்து என்ன ஆகப்போகிறது? 720பி வைத்துப் பாருங்கள், கரும்பலகையில் எழுதும் கணக்கு தெளிவாகத்தான் தெரியும்.

இறக்கி வைத்த கோப்புகளுக்கு விஎல்சி பிளேயரின் செட்டிங்ஸில் இன்புட்/கோடெக்ஸ் பகுதியில் ஹார்டுவேர் டிகோடிங்கை ஆட்டோமேட்டிக் என்று வைத்தால் போதும். எம்பிவி பிளேயரில் இது வழக்கமாக அணைந்தே இருக்கும். வீடியோ ஓடும்போது கன்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தினால் போட்டும் அணைத்தும் பார்க்கலாம். வாடிக்கையாளருக்கு விளக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் ப்ராசஸரின் சுமையைக் காட்டும் கோடு தெரியும்படி வைத்துவிட்டு அழுத்திக் காட்டுவேன். கோடு பொத்தென்று இறங்கும், கொஞ்ச நேரத்தில் ஃபேனும் அடங்கும். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

ஐபோனில் எடுத்த கல்யாண வீடியோ லேப்டாப்பில் ஓடவில்லை என்று வருபவர்களும் உண்டு. ஐபோன்கள் 2017இலிருந்து எச்இவிசி என்ற வகையில் பதிவு செய்கின்றன. காப்புரிமைக் கட்டணச் சிக்கல் நிறைந்த வகை அது. விண்டோஸின் சொந்த பிளேயர் சில லேப்டாப்புகளில் அதற்குத் தனியாகக் காசு கேட்கும். விஎல்சி கேட்காது. ஆறாம் தலைமுறையிலிருந்து சாதாரண எச்இவிசியை இன்டெல்லின் தனிப் பகுதியே பிரித்துவிடும். நிற நுட்பம் கூடிய 10 பிட் எச்இவிசிக்கு ஏழாம் தலைமுறை வேண்டும்.

எல்லா லேப்டாப்பையும் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்லவில்லை. கோர் ஐ வரிசைக்கும் முந்தைய கோர் 2 டுவோ காலத்துப் பெட்டியைக் கொண்டுவந்து யூடியூப் வேண்டும் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு இந்த வழி போதாது. ஆனால் பாடம் பார்க்கவும், ஊரில் இல்லாத பிள்ளையோடு பேசவும் மட்டும் லேப்டாப் வைத்திருப்பவரை இருபதாயிரம், முப்பதாயிரம் செலவழிக்கச் சொல்லுமுன் பத்து நிமிடம் இதைப் பார்த்துவிடலாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பழைய லேப்டாப் வாங்குபவர்கள் ரேம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறார்கள். ஸ்டிக்கரில் ஐ5 என்று இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். ஐ5 எல்லாத் தலைமுறையிலும் உண்டு. ஐ5-6200யூ என்றால் கோட்டுக்குப் பின்னால் வரும் 6 ஆறாம் தலைமுறை, ஐ5-7200யூ என்றால் ஏழாம் தலைமுறை. இரண்டுக்கும் விலை வித்தியாசம் அதிகம் இருக்காது, ஆனால் விபி9 விஷயத்தில் ஏழாம் தலைமுறை பல படி மேல். கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது, எந்தத் தலைமுறை சிப் எந்த வகை வீடியோவைப் பிரிக்கும் என்று கால் பக்கத்துக்கு ஓர் அட்டவணை போட்டுவிடட்டும். இன்டெல்லோடு ஏஎம்டியையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. வெட்டியெடுத்து என் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கோவில்பட்டி