முள்ளோடை தாண்டும் சரக்கு

புதுச்சேரி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் படிப்பை முடித்துவிட்டுக் கடைக்கு வரத் தொடங்கியிருக்கிறாள் என்பதும், கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க் கடையோடு இங்கே புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு கிளை திறக்கப் போகிறாய் என்பதும் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சியைத் தந்தன. இங்கு எல்லாரும் நலம். கொடவுனை என் மகன் முழுப் பொறுப்பில் எடுத்துக்கொண்டதால் மாலை வேளைகளில் எனக்குச் சற்று ஓய்வு கிடைக்கிறது.

சரக்கு இருப்பைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளாக டேலி வாங்குவதா, ஜோஹோ வாங்குவதா, இலவசமாகக் கிடைக்கும் ஈஆர்பிநெக்ஸ்டைப் போட்டுக்கொள்வதா என்று கேட்டிருக்கிறாய். ஒரு பெயரை மட்டும் எழுதி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. விற்க வருகிறவர்கள் காட்டும்போது எல்லா மென்பொருளும் தடையில்லாமல் ஓடும். அவர்கள் எடுத்துக்கொள்ளும் உதாரணம் சோப்பு, பிஸ்கட் போல எண்ணி வாங்கி எண்ணி விற்கும் பொருளாகவே இருக்கும். நம்முடையது போன்ற கட்டுமானப் பொருள் கடையில் மிகவும் தொல்லை தருகிற நாலைந்து பொருள்களை அவர்கள் முன்னே வைத்து, அவற்றை வாங்கி, பிரித்து விற்று, மீதியைத் திரும்பப் பெற்று, இன்னொரு கடைக்கு அனுப்பி, கடைசியில் இருப்பு எவ்வளவு என்று காட்டச் சொல்வதுதான் உண்மையான சோதனை என்பது என் உறுதியான கருத்து.

கம்பியையே எடுத்துக்கொள். நாம் டன் கணக்கில் எடை போட்டு வாங்குகிறோம். வீடு கட்டுகிறவர் எட்டு எம்எம்மில் இருபது கம்பி என்று எண்ணிக்கையில் கேட்கிறார். மி.மீ. கணக்கில் விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும் என்பது உனக்குத் தெரிந்ததே. அந்தக் கணக்கில் 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி ஏறக்குறைய 4.74 கிலோ. ஆனால் கம்பிக்கான ஐஎஸ் 1786 தரநிர்ணயமே 10 மி.மீ. வரையிலான கம்பிகளின் எடை 7 சதவீதம் கூடவோ குறையவோ இடம் தருகிறது. ஆகவே ஒரு டன்னுக்கு 211 கம்பி என்று மென்பொருள் தானாகப் பெருக்கி வைத்துக்கொண்டால், லோடு இறக்கி எண்ணும்போது 200 இருந்தாலும் 220 இருந்தாலும் அது ஆலையின் தவறும் இல்லை, கொடவுன் ஆளின் திருட்டும் இல்லை. கிலோவையும் எண்ணிக்கையையும் தனித்தனியாக, உள்ளது உள்ளபடி பதிய வழி இருக்கிறதா என்று கேள். மாறாத ஒரே விகிதத்தை மட்டும் ஏற்கும் மென்பொருள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நேர்மையாக வேலை பார்க்கும் ஒருவன் மேல் வீண் சந்தேகம் விழ அது காரணமாகிவிடும்.

90 மீட்டர் ஒயர் சுருளை வெட்டி விற்பதும் இதே வகைதான், ஆனால் அதை அநேகமாக எல்லா மென்பொருளும் சமாளித்துவிடும். மேஸ்திரி கணக்கு அப்படியன்று. அவர் வீட்டுக்காரர் பெயரில் குழாய் வேலைக்கு நாற்பது எல்போ, பத்து டீ, நாலு பால் வால்வு என்று எடுத்துப்போவார். வேலை முடிந்ததும் மீந்ததைச் சிமெண்ட் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து கல்லா மேல் கொட்டுவார், அதில் வேறு கடை எல்போ இரண்டும் கலந்திருக்கும். நெரிசலான நேரத்தில், பழைய பில்லைத் தேடி எடுத்து, அதே விலையில் வரவு வைத்து, இருப்பில் சேர்ப்பதற்குள் நாலு திரையைத் தாண்ட வேண்டியிருந்தால், பையன்கள் துண்டுச் சீட்டில் எழுதி ஆணியில் குத்திவிடுவார்கள். அன்றோடு இருப்புக் கணக்கு போயிற்று. அந்தத் திரையை விற்பனையாளர் ஓட்டிக் காட்டுவதை நீ பார்ப்பதைவிட, உன் பில் போடும் பெண்ணையே உட்கார வைத்து ஓட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

உனக்கு இனிமேல்தான் புதிதாக வரப்போகும் சிக்கல், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே உள்ள முள்ளோடை எல்லை. ஒரே பான் எண்ணில் இருந்தாலும், 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டுப் பதிவையும் 34 என்று தொடங்கும் புதுச்சேரிப் பதிவையும் ஜிஎஸ்டி சட்டம் இரண்டு தனி நபர்களாகவே பார்க்கிறது. உன் கடையிலிருந்து உன் கிளைக்கே சரக்கு அனுப்பினாலும், எல்லை தாண்டும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி போட்ட வரி பில் வேண்டும். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், சரக்கு வண்டிக்கான மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் அனுப்பும்போது உள்ள ஒரு லட்சம் என்ற வரம்பு இங்கே செல்லாது. கொள்முதலில் கட்டிய வரி முழுவதையும் தன் வரியில் கழித்துக்கொள்ளக் கிளைக்குத் தகுதி இருந்தால், பில்லில் நீ போடும் மதிப்பையே சட்டம் ஏற்றுக்கொள்ளும் என்பது ஒரு ஆறுதல். பல மென்பொருள்களில் கொடவுன் மாற்றம் என்று ஒரு வசதி இருக்கும். இங்கே கழித்து அங்கே கூட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடும், வரி பில் வராது. உனக்கு வேண்டியது ஒரு பக்கம் விற்பனையாகவும் மறு பக்கம் கொள்முதலாகவும் பதிந்து, வண்டி கிருமாம்பாக்கத்தில் நிற்கும்போது அந்தச் சரக்கை வழியில் உள்ளதாகக் காட்டுகிற ஏற்பாடு. புதுச்சேரி யூனியன் பிரதேசம் ஆயிற்றே என்று, சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசங்களுக்கான யூடிஜிஎஸ்டி காட்டுகிற மென்பொருளாக இருந்தால் உடனே எழுந்து வந்துவிடு. இங்கே சட்டமன்றம் இருப்பதால் மாநிலங்களுக்குரிய எஸ்ஜிஎஸ்டிதான்.

வரி விகிதத்தைத் தேதியோடு வைத்துக்கொள்கிறதா என்றும் பார். 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்ட் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததே, அதற்கு முன் விற்ற சரக்கு பிறகு திரும்பி வந்தால் பழைய விகிதத்திலேயே கிரெடிட் நோட் என்ற வரவுச் சீட்டு போட வேண்டும். பொருளின் பெயருக்கு எதிரே ஒரே ஒரு விகிதத்தை எழுதி வைக்கும் மென்பொருளால் இதைச் செய்ய முடியாது.

இணையத்திலேயே ஓடும் மென்பொருளா, கடைக் கணினியில் ஓடுவதா என்பதில் உன் மகள் முதலாவதை விரும்புகிறாள் என்று எழுதியிருந்தாய். இரண்டு ஊர் இருப்பையும் ஒரே இடத்தில் பார்க்க அது வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு கடலூர் மின்சாரத்துக்காகக் காத்திருந்ததை நீ என்னைவிட நன்றாக அறிவாய். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் இங்கே கரையைக் கடந்து, அடுத்து தென்பெண்ணை வெள்ளம் உங்கள் ஊருக்குள் புகுந்ததும் பழங்கதை அன்று. நம் தொழிலில் தகரமும் தார்ப்பாயும் கயிறும் தேடி மக்கள் ஓடி வருவது அந்த நாட்களில்தான். இணையம் இல்லாமல் பில் போட்டு, இணைப்பு வந்ததும் தானே சேர்த்துக்கொள்ளும் வசதி இல்லாவிட்டால் எனக்கு அது ஒப்பாது. சந்தாவை நிறுத்தினால் பொருள் பட்டியல், இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி அனைத்தையும் எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா என்பதையும், பணம் கட்டும் முன்பே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஈஆர்பிநெக்ஸ்ட் திறந்த மூல மென்பொருள், உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் அதை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவருக்குக் கொடுக்கும் பணத்தையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும். உன் ஆடிட்டர் டேலியில் பழகியவர் என்றால், வேறு எதை வாங்கினாலும் அதிலிருந்து டேலிக்குக் கணக்கு போகுமா என்று அவரையே கேட்டுவிடு.

எதை வாங்கினாலும் ஏப்ரல் 1 அன்று புதுக் கணக்கோடு தொடங்குங்கள். மார்ச் 31 எண்ணிக்கையே தொடக்க இருப்பாகட்டும். அதற்கு முன் பொருள் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும். அரை இன்ச் எல்போ உன் பில்களில் மூன்று பெயரில் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். உன் மகள் பட்டியலை எக்செல்லில் அனுப்பினால் நானும் என் மகனும் உட்கார்ந்து பெயர், வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்எஸ்என் எண், அளவு மூன்றையும் சரிபார்த்துத் திருப்பி அனுப்புகிறோம். எண்ணும் நாளில் கொடவுனுக்கு ஆள் வேண்டுமானாலும் சொல், இங்கிருந்து இரண்டு பேரை அனுப்பி வைக்கிறேன்.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்