தண்ணீர் இருக்கும்போது வாருங்கள்

தேவிபட்டினம்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஜூன் 10 மதுரை, 12 ராமேஸ்வரம், 13 கொடைக்கானல் என்று சாப்பாட்டு நேரம் வரைக்கும் கட்டம் போட்டிருக்கிறாய். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை, மாதம்தான் தப்பு.

ஜூனில் இங்கே என்ன இருக்கும்? கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். சக்கரக்கோட்டைக் கண்மாய்க்குள் ஆடு மேயும். பேரனுக்குக் கூழைக்கடா காட்டுகிறேன் என்று போனில் வாக்குக் கொடுத்துவிட்டேன். வெடித்த கரம்பையையா காட்டுவது? போன தடவை வந்தபோது பட்டது போதாதா? நாம் பேசி அமர்த்திய வேன்காரர் ராமேஸ்வரம், தனுஷ்கோடி, ஏர்வாடி, உத்தரகோசமங்கை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். சின்னவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். உத்தரகோசமங்கைக்குப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. பார்த்தது என்ன என்று கேட்டால் எனக்கு வேனின் ஜன்னல்தான் ஞாபகம் வருகிறது.

பின்லாந்தில் உங்கள் தம்பெரே ஊருக்கு வந்திருந்தபோது நடந்தது நினைவிருக்கிறதா? முப்பது வருஷம் மடையைத் திறந்து மூடும் கண்மாய் லஸ்கராகக் கரையில் நடந்தவன் நான். எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் கண் முதலில் மடையைத்தான் தேடும். வடக்கே நாசியார்வி ஏரி, தெற்கே புஹாயார்வி ஏரி. மேல் ஏரித் தண்ணீர் 18 மீட்டர் இறங்கி, ஊருக்கு நடுவே பாய்ந்து கீழ் ஏரியில் விழுகிறது. மேல் கண்மாய் மறுகால் போனால் கீழ் கண்மாய்க்கு, அப்படியே நம் ஊர்க் கணக்கு என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டார். ஆனால் அங்கே எந்த மாதம் போனாலும் ஏரி ஏரியாக இருக்கிறது, உறைந்து கிடந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். நம் கண்மாய்களுக்கு வருஷத்தில் நான்கைந்து மாதம்தான் உயிர். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்ய வேண்டும், வைகையில் தண்ணீர் திறந்துவிட வேண்டும். அதனால் டிசம்பர் 20-க்கு மேல் பிள்ளைகளுக்கு விடுமுறை வருமே, டிக்கெட்டை அதற்கு மாற்று. மழை பொய்த்தால் பறவையும் பொய்க்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வந்ததும் இரண்டு நாள் எங்கும் போக வேண்டாம். கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கும் நவபாஷாணம் நடந்து போகிற தூரம்தானே. ஏற்றத்தில் கடல் கற்களை எவ்வளவு மூடுகிறது, வற்றத்தில் எவ்வளவு விடுகிறது என்று பேரன் பார்க்கட்டும்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் சக்கரக்கோட்டை. நான் மண்வெட்டியோடு திரிந்த இந்தப் பக்கத்துக் கண்மாய்கள் இப்போது உலகப் பட்டியலில் ஏறிவிட்டன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-ல் ராம்சர் ஈரநிலங்கள் ஆயின. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-ல் சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் ஓட வேண்டாம், ஒன்று போதும். கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தால் மஞ்சள் மூக்கு நாரை பக்கத்திலேயே மேயும். அது மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு இடமும் வலமும் துழாவும், ஒரு காலால் சேற்றைக் கிளறும். மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு நான் மேசையைத் தடவுகிற மாதிரி இருக்கும். மீன் அலகில் பட்டதும் சட்டென்று மூடிக்கொள்ளும். இதைப் பார்க்க அரை மணி நேரம் வாய் பேசாமல் இருக்க வேண்டும். உன் பிள்ளைகள் இருப்பார்கள், நீ இருப்பாயா என்றுதான் சந்தேகம்.

மறுநாள் ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். நாரையால்கூட ஒரே மூச்சில் கடக்க முடியாத அகலம் என்று பொருள். அங்கிருந்து காரங்காடு. வனத்துறை படகில் அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப் போகிறார்கள். சேற்றிலிருந்து ஆணி அடித்து வைத்த மாதிரி வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். மரம் அவற்றால்தான் மூச்சு விடுகிறது. படகுக்கு முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ராமேஸ்வரத்துக்குப் போகும்போது ரயில், திரும்பும்போது பஸ். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில், கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். ரயிலில் இருந்தால் அதன் அமைப்பு தெரியாது, பஸ் பாலத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். நீ கண்ணை இறுக்க மூடிக்கொண்டாய்.

தனுஷ்கோடியில் 1964 புயலைப் பிள்ளைகளிடம் நான் சொல்கிறேன், நீ போனில் படம் காட்ட வேண்டாம். அரிச்சல்முனையில் யாரும் கடலில் இறங்கவும் கூடாது. வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள் அல்லவா? டிசம்பரில் வாடைக்காற்று அடிப்பதால் பெண் கடல்தான் கொந்தளிக்கும், ஆண் கடல் அடங்கிக் கிடக்கும். இந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போவதில்லை. கோதண்டராமர் கோயில் பக்கத்தில் பூநாரைகள் வந்திருந்தால் நம் அதிர்ஷ்டம்.

உத்தரகோசமங்கைக்குத் திருவாதிரையை ஒட்டிப் போகலாம். மரகத நடராஜருக்குச் சந்தனக் காப்பைக் களைவது அப்போதுதான். கூட்டம் நெரியும், அம்மா விடமாட்டாள். ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துச் சுவர் ஓவியங்களுக்கு ஒரு மாலை போதும். கீழக்கரையில் தொதல் வாங்க மட்டும் இறங்குவோம்.

கொடைக்கானலை விட்டுவிடு. அந்த ஏரியும் 1863-ல் லெவிஞ்ச் என்ற துரை ஓடையை மறித்து உண்டாக்கியதுதான். வருஷக் கடைசியில் அங்கே ஏரியைவிட வண்டி வரிசைதான் நீளமாக இருக்கும்.

டிக்கெட்டை மாற்றக் கட்டணம் கேட்டால் நான் தருகிறேன். மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். பதிலைச் சீக்கிரம் போடு. ஆவணியில் பனங்கொட்டை புதைத்தால்தான் நீங்கள் ஊருக்குக் கிளம்புவதற்குள் கிழங்கு பிடுங்க முடியும். எத்தனை பேர் வருகிறீர்கள், எத்தனை கொட்டை புதைக்க வேண்டும் என்று அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா