சமையலறைச் சுவரில் ஒரு துளை: கட்டடப் பொறியாளர்களுக்குத் திறந்த மடல்

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வரைபடம் வகுக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். சென்னையில் நான்காம் மாடி வீடொன்றில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருப்பவள் நான். வீட்டுக்குள் புகை என்றால் பலருக்கும் விறகடுப்புதான் நினைவுக்கு வருகிறது. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு கொடுத்ததும் அந்தப் புகையை ஒழிக்கத்தான். ஆனால் எரிவாயுச் சுடரும் நைட்ரஜன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. எண்ணெய் காயும்போதும் மிளகாய் தாளிக்கும்போதும் எழும் நுண்துகள்கள், எதைக் கொண்டு அடுப்பை எரித்தாலும் எழவே செய்யும்.

அவை வெளியேற வழி வேண்டும். எங்கள் சமையலறைச் சன்னலோ, கழிவுநீர்க் குழாய்கள் இறங்கும் குறுகிய டக்ட்டுக்குள் திறக்கிறது. மழைநீர் விழாதிருக்க அதன் உச்சியையும் தகடு போட்டு மூடிவிட்டார்கள். கீழ்வீட்டில் மீன் வறுத்தால் எங்கள் கூடம் மணக்கிறது. மணம் வரும் வழியாகத்தானே துகளும் வரும்? குழாயில்லாத சிம்னியை வாங்கி மாட்டினோம். அது எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொண்டு, வெக்கையையும் ஈரத்தையும் அறைக்குள்ளேயே திருப்பிவிடுகிறது.

ஈரவெப்பப் பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது காற்று வரத் திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. தாளில் அந்தக் கணக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தி சாய்ந்ததும் கொசுவுக்கு அஞ்சி எல்லாச் சன்னல்களையும் சாத்திவிட்டுச் சுருளைக் கொளுத்துகிறோம். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள்களை வெளியிடுகிறது என்று 2003-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அந்தப் புகையில்தான் இரவெல்லாம் குழந்தைகள் உறங்குகிறார்கள். சாம்பிராணியும் ஊதுவத்தியும், புதிய வண்ணப்பூச்சும் ஒட்டுப்பலகை அலமாரிகளும் விடும் ஆவியும் இதனோடு சேர்கின்றன. 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் நுண்துகள் இருக்கலாகாது என்பது 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. மூடிய அறையில் எரியும் சுருள் ஒன்றே அதை எளிதில் தாண்டிவிடும்.

சுருளைக் கொளுத்தாதீர்கள் என்று எங்களிடம் சொல்வது எளிது. டெங்குக் காய்ச்சலைப் பார்த்த குடும்பம் அதைக் கேட்காது. எனவே கொசுவலைச் சட்டம் பொருத்தும் பள்ளத்தைச் சன்னல் நிலையிலேயே அமையுங்கள். அதைப் பின்னால் விரும்பியவர் சேர்த்துக்கொள்ளும் வசதியாக எண்ணாமல், கதவைப் போலச் சன்னலின் உறுப்பாகவே எண்ணுங்கள். சமையலறை ஒரு பக்கமாவது திறந்தவெளியைப் பார்த்த புறச்சுவரில் அமையட்டும். அடுப்புக்கு மேலே, புகைபோக்கி விசிறியோ சிம்னிக் குழாயோ செல்ல ஒரு துளையை, சுவர் எழுப்பும்போதே விட்டுவிடுங்கள். குடிவந்த பிறகு நாங்கள் சுவரைத் துளைக்கக் கேட்டபோது, வெளித்தோற்றம் கெடும் என்று சங்கத்தில் மறுத்துவிட்டார்கள்.

அடுத்த வரைபடத்தில் கையொப்பமிடும் முன், நீங்கள் முன்பு கட்டிய குடியிருப்பு ஒன்றுக்கு இரவு ஏழரை மணிக்குச் சென்று, சமையல் நடக்கும் வீட்டில் அரை மணி நேரம் அமர்ந்திருந்து பாருங்கள்.

இப்படிக்கு,
நான்காம் மாடிக் குடியிருப்பாளர் ஒருவர்